நன்றி சொல்ல மட்டும் மைக்

ஒரே மைதானம், ஒரே மைக், ஒரே தண்ணீர்த் தொட்டி. தொட்டி கட்டியதற்கு நன்றி சொல்ல வருகிறவருக்குப் போலீஸ் அனுமதி உண்டு. அதே தொட்டியில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வருகிறவருக்கு இல்லை. யார் பேசினாலும் சத்தம் ஒன்றுதானே? அப்படியானால் தடுப்பது சத்தத்தையா, பேசுகிறவரின் எண்ணத்தையா?

சவுரிமுத்து இப்படிக் கேட்டபோது இதை எழுதுகிறவனுக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பேச்சுரிமை என்று ஒரு பாடம் இருந்தது. அதில் மைக் செட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே அவருக்கு நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் சரி.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ஏரிக்கரை நகர் வரும். அங்கே கோழிக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது சவுரி சவுண்ட் சர்வீஸ். பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக இரண்டு ஆம்ப்ளிபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர், சில மைக்குகள், பிறகு குழாய்கள், இவ்வளவுதான் சவுரிமுத்துவின் சொத்து. வாய் அகன்ற அலுமினிய ஒலிபெருக்கியைத்தான் அந்தப் பக்கத்தில் குழாய் என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், சந்தனக்கூடு, எல்லாக் கட்சிக் கூட்டமும் அவருக்கு ஒன்றுதான். படப்பை வரைக்கும் சைக்கிளில் குழாய் கட்டிக்கொண்டு போய் வருவார். ஒருமுறை திருநீர்மலையில் அன்னதானத்துக்குக் கட்டப் போனபோது, வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கட்டிய குழாயில் பெருமாள் பாட்டா என்று யாரோ கேலி செய்தார்களாம். குழாய்க்கு நெற்றி கிடையாது, எதையும் பூச முடியாது என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஏணியில் ஏறினாராம்.

மேடையில் என்ன பேசுகிறார்கள் என்பதை அவர் கேட்பதே இல்லை. காது முழுக்கச் சத்தத்தின் மேல்தான் இருக்கும். மைக் ஊளையிடுகிறதா, பேசுகிறவர் வாயை மைக்குக்கு மிக அருகில் கொண்டு போகிறாரா, கடைசித் தெருக் குழாய் இரைகிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம். நேற்று அந்தத் தலைவர் என்னதான் பேசினார் என்று டீக்கடையில் வம்புக்கு இழுத்தால் ஒரே பதில்தான் வரும்.

"அவுருக்குச் சளி பிடிச்சிருக்குது. அத்த தவிர எனுக்கு ஒண்ணும் தெரியாது."

தொழிலில் பாதி அவருடைய மனைவி அருள்மேரி. அவர் கம்பத்தில் ஏறினால் அவள் கீழே நின்று வயரை விடுவாள். எந்தக் குழாய் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் பார்த்துத் தொங்குகிறது, எந்த வயர் எதோடு சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் நினைவிருக்கும். அவர் அவிழ்க்க மறந்ததை அவள் ஞாபகப்படுத்துவாள். அப்படியே பழகிவிட்டார்கள்.

மைக் கட்ட வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும். கூட்டம் போடுகிறவர்கள்தான் மனு கொடுக்க வேண்டும் என்றாலும் மைக் செட்காரரும் கூடவே போவது வழக்கம். ஏனென்றால் ஏதாவது தகராறு என்றால் பேசியவர் வீட்டுக்குப் போவார், செட்தான் ஸ்டேஷனுக்குப் போகும்.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயம் ஏரிக்கரை நகரில் மேல்நிலைத் தொட்டி ஒன்று கட்டித் திறந்தார்கள். திறந்த வாரமே ஆளுங்கட்சிக்காரர்கள் தொட்டிக்குக் கீழே இருந்த மைதானத்தில் நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டார்கள். காலையில் மனு, மதியம் அனுமதி. சவுரிமுத்துதான் மைக் கட்டினார். பத்து மணிக்கு நிறுத்த வேண்டிய மைக் அதற்கு மேலும் வெகு நேரம் பேசியது. இன்ஸ்பெக்டர் சத்தியநாதன் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். தொட்டியின் காலுக்கு ஆளுயர மாலை போட்டார்கள். ஒருவர் தொட்டியைக் கோபுரம் என்றார். இன்னொருவர் கங்கை என்றார்.

கங்கை சில நாள் வந்தது. பிறகு மோட்டார் கெட்டதா, கிணறு வற்றியதா என்று தெரியவில்லை, நின்றுபோனது. கேட்டால் நாளைக்கு வரும் என்றார்கள். பெண்கள் பழையபடி குடத்தை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துத் தெருக்களுக்குப் போனார்கள். அந்தத் தெருக்காரர்கள் முகம் சுளித்தபடி இரண்டு குடம் விடுவார்கள். மூன்றாவது குடத்துக்குக் கதவைச் சாத்துவார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி தனம். தாம்பரம் சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். தண்ணீருக்கு நின்று கம்பெனிக்குத் தாமதமாகப் போய், கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டு, நான்கைந்து முறை வேலையில்லாமல் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள்தான் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அதே மைதானத்தில் நாமும் ஒரு கூட்டம் போடலாம் என்று சொன்னவள். மைக்குக்குச் சவுரிமுத்துவிடம் வந்தாள். அவர் சரி என்றார். யார் கேட்டாலும் அவர் சரிதான் சொல்வார்.

ஸ்டேஷனில் இன்று போய் நாளை வா என்றார்கள். நாளை போனபோது மறுநாள் வா என்றார்கள். பிறகு ஆடி மாதம், திருவிழா, பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை என்றார்கள். தனம் சண்டை போடவில்லை. பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், காலிக் குடத்தோடு ஸ்டேஷன் வாசலில் வரிசையாக உட்கார்ந்தாள். மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அனுமதி வந்தது. அமைதிக்குக் குந்தகம் இல்லாமல் பேச வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது.

எழுதாத நிபந்தனை ஒன்று இருந்தது. அதைச் சொல்ல இன்ஸ்பெக்டர் சவுரிமுத்துவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சத்தியநாதன் கை ஓங்குகிறவர் இல்லை, வாய்க்கு வந்தபடி திட்டுகிறவரும் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"சவுரி, பொம்பளைங்க ஒத்துமை, பிள்ளைங்க படிப்பு, சுத்தம், சுகாதாரம், என்ன வேணாலும் பேசட்டும். தொட்டியக் குறை சொல்லி, அரசாங்கத்தை இழுக்க ஆரம்பிச்சா, சத்தத்தைக் குறைச்சிடு. கரன்ட் போச்சுன்னு சொல்லு."

"தொட்டியப் பத்தி பேசத்தான சார் கூட்டமே?"

"தொட்டியப் பத்திப் பேசலாம்பா. அன்னைக்குப் பேசலையா? எப்படிப் பேசறாங்கங்கறதுதான் விஷயம். நான் மேடை ஏறி நிறுத்தினா நாளைக்குப் பேப்பர்ல வரும். கரன்ட் போனா யார் கேக்கப் போறா?"

சவுரிமுத்துவுக்கு இது புதிதில்லை. இரண்டு வருஷம் முன்பு பெருங்களத்தூர்ப் பக்கம் பஸ் கட்டணத்தை எதிர்த்து ஒரு கூட்டம் நடந்தபோதும் இதே மாதிரி சொன்னார்கள். அப்போது அவர் ஆம்ப்ளிபையரின் சத்தத் திருகைக் குறைத்தார். ஜனங்கள் மின்சார வாரியத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பேசியவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, கரன்ட் போனதற்கு நீ என்ன செய்வாய் என்று சவுரிமுத்துவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். வயரைச் சுற்றும்போது அருள்மேரி மட்டும் ஒன்று சொன்னாள்.

"கரன்ட் போனா தெரு லைட்டும்ல போயிருக்கணும்?"

அவர் குழாயைச் சைக்கிளில் கட்டப் போனார். அவள் மறுபடி கேட்கவில்லை.

மைதானத்தை ஒட்டியே அம்மன் கோயில். அந்த ஆண்டு கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் சவுரிமுத்துதான் மைக். அம்மன் ஊர்வலம் ரயில்வே கேட்டைத் தாண்டி மார்க்கெட் வரை போகும் என்பதால், போகும் வழியெல்லாம் குழாய் கட்டியிருந்தார். பெரிய ஆம்ப்ளிபையர் கோயில் அறைக்குள் இருந்தது. வழியெங்கும் இருந்த குழாய்கள் அதோடு சேர்ந்தவை. சின்ன ஆம்ப்ளிபையரில் மைதானத்துக் குழாய்கள் இரண்டு. கூழ் ஊற்றும் அன்று கோயிலில் பேசுவது மைதானத்திலும் கேட்க வேண்டும் என்று மைக் வயரை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆம்ப்ளிபையருக்கும் கொடுத்திருந்தார். திருவிழா முடிந்தும் கம்பத்துக் குழாய்களை இறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை இருந்தது.

தனத்தின் கூட்டம் இடையில் வந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அருள்மேரி ஊரில் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் தங்கைக்குப் பிரசவம் என்று போயிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் கோயிலில் வழக்கம்போல ரெக்கார்டு போட்டார் சவுரிமுத்து. பாட்டு முடிந்தது. தனம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். அவர் ஓடினார். பாட்டு நின்றதே தவிர, பெரிய ஆம்ப்ளிபையரை அவர் நிறுத்தவில்லை. மைதானத்தில் பேசக் கொடுத்த மைக் அதே வயரில்தான் இருந்தது; பிரித்துவிட்ட அந்த வயரையும் கழற்றவில்லை. அருள்மேரி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

மேடை என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்றைப் போட்டு அதன் மேல் ஏறித்தான் பேசினார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் சாய்ந்து நின்றார். முதலில் பேசியவர்கள் கூச்சப்பட்டு இரண்டு வார்த்தையோடு இறங்கிவிட்டார்கள். பிறகு தனம் ஏறினாள். சவுரிமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பேச்சைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே குறைப்பது என்று தெரிய வேண்டுமே.

"இந்தத் தொட்டிக்கு மாலை போட்டாங்க. மேல ஏறி உள்ள எட்டிப் பாத்தாங்களா?" என்று தனம் ஆரம்பித்தாள். போலீஸ்காரர் இருமினார். சவுரிமுத்து சின்ன ஆம்ப்ளிபையரின் திருகை மெல்லக் கீழே இறக்கினார். மைதானத்துக் குழாய்கள் இரண்டும் ஊமையாயின.

கரன்ட் போய்விட்டது என்று அவர் சைகை காட்டினார். தனம் தெரு விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பெண்களை முன்னால் நகர்ந்து வந்து உட்காரச் சொன்னாள். மைக்கைக் கையிலிருந்து விடாமலே, தொண்டையை உயர்த்திப் பேசத் தொடங்கினாள்.

அவ்வளவும் மைக்கில் போனது. மைதானத்துக்குத்தான் கேட்கவில்லை. கோயில் அறையிலிருந்த பெரிய ஆம்ப்ளிபையர் அதை வாங்கி, கேட்டுக்கு அந்தப் பக்கம், கடைத்தெருவுக்கு, மார்க்கெட்டுக்கு என்று வழியெல்லாம் கொண்டுபோனது. கோயிலுக்கு மிக அருகில் இருந்த குழாய்கூட ரயில்பாதையைப் பார்த்துத் தொங்கியதால் மைதானத்தில் ஒரு முணுமுணுப்புக்கு மேல் கேட்கவில்லை. சவுரிமுத்து அதை வேறெங்கோ நடக்கும் கல்யாண வீட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டார்.

"தொட்டிக்குள்ள காக்கா கூடு கட்டிக்கீது. எங்க புள்ளைங்க அடுத்த தெருவுல போயி குடத்தோட நிக்குதுங்க. அந்தத் தெருக்காரங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல, அவங்களுக்கே பத்தல. நன்றி சொன்னவங்க சொல்லட்டும். தண்ணி வந்தா நாங்களும் வந்து சொல்றோம். வராத தண்ணிக்கு எப்டி நன்றி சொல்றது?"

அவள் பேச்சு பாதி நடக்கும்போதே கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மூன்றாவது குடத்துக்குக் கதவைச் சாத்துகிற அதே ஆட்கள். கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். குழாயில் கேட்டுதான் வந்தோம் என்று அவர்கள் சொன்னதும் சவுரிமுத்து கோயில் அறைக்கு ஓடினார். பெரிய ஆம்ப்ளிபையரை நிறுத்தினார். அதற்குள் தனம் பேசி முடித்துவிட்டாள்.

ஊர்வலத்துக்காக மார்க்கெட் மூலையில் கட்டிய கடைசிக் குழாய், ஸ்டேஷன் ஜன்னலுக்கு நேரே தொங்கியது. இன்ஸ்பெக்டர் சத்தியநாதன் மேஜையில் உட்கார்ந்தபடியே முழுப் பேச்சையும் கேட்டாராம்.

மறுநாள் காலையில் ஜீப் வந்து இரண்டு ஆம்ப்ளிபையரையும் ஏற்றிக்கொண்டு போனது. வேண்டுமென்றே செய்தார் என்று போலீஸ் நம்பியது. ஏரிக்கரை நகரும் அதையேதான் நம்பியது. கோழிக்கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். போலீசை நல்லா ஏமாற்றினாய் என்று சைக்கிள் கடைக்காரர் டீ வாங்கிக்கொடுத்தார். அது மறதி என்று சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்த அருள்மேரி மட்டும் கேட்டதும் நம்பினாள்.

"வயரக் கயட்டலயா?" என்றாள்.

"கயட்டல."

"தெரியும்."

செட்டைத் திருப்பித் தருவதாகத்தான் இன்ஸ்பெக்டர் சொன்னார். ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நடந்தது தவறுதலாக நடந்தது என்பது முதல் வரி. இனிமேல் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு மைக் செட் கொடுக்க மாட்டேன் என்பது இரண்டாவது வரி. தாம்பரத்தைச் சுற்றித் தொழில் செய்கிற மற்ற மைக் செட்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து, அந்த இரண்டாவது வரியை அவர்களிடம் ஏற்கெனவே எழுதி வாங்கியாகிவிட்டது. சவுரிமுத்து ஒருவர்தான் பாக்கி.

எழுதிக் கொடுக்க அவருக்கு அவசரமும் இருந்தது. செப்டம்பரில் மாதா கோயில் கொடியேற்றம். ஒன்பது நாள் நவநாளும் தேரும் அவருடைய வேலை. வருஷத்து வருமானத்தில் பெரிய பங்கு அதில்தான். கொடியேற்றத்துக்குள் செட் வராவிட்டால் கோயில் வேலை வேறு ஆளுக்குப் போகும். ஒருமுறை போனது பிறகு வருமா என்பது சந்தேகம்.

குரோம்பேட்டையில் மைக் செட் வைத்திருந்த அப்துல் ரசாக் அவருக்குப் பழைய சிநேகிதர். எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கேள்விப்பட்டு வந்து கடைப் படியில் உட்கார்ந்தார்.

"இன்னா மச்சான், இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு. எழுதிக் குட்த்துட்டு செட்ட தூக்கினு வா. பேப்பர்தான?"

"நீ எழுதினியே பாய், அதுக்கப்புறம் யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்க. வேலைநிறுத்தம்னு ரெண்டு பேர் வந்தாங்க. செட்டு ரிப்பேர்னு அனுப்பிட்டேன்." ரசாக் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனுக்கு மூணு பொண்ணு கீதுடா. நீ என்னய அப்டி பாக்காத."

சவுரிமுத்து அவரைக் குறை சொல்லவில்லை. பெருங்களத்தூரில் தாம் திருகைக் குறைத்த கதையைச் சொன்னார். அருள்மேரி தானாகவே ஊகித்ததை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

மறுநாள் தனமும் வந்தாள். அவளும் எழுதிக் கொடுக்கத்தான் சொன்னாள். "எங்களுக்காவ நீ பட்னி கெடக்காதண்ணா. நாங்க தொண்டையில கத்திக்கறோம். நீ வேணும்னே பண்ணலன்னு எனுக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தேனே, அங்கருந்து ஆளுங்க வந்தப்ப," என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்: ரசாக், தனம், இன்ஸ்பெக்டர். அருள்மேரி வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

சவுரிமுத்து ஸ்டேஷனுக்குப் போனார். எழுதிவிடுவது என்றுதான் போனார். இன்ஸ்பெக்டர் பேனாவும் தாளும் கொடுத்து உட்காரச் சொன்னார். முதல் வரியை அவர் நிறுத்தாமல் எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை. இரண்டாவது வரியை இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். பாதியில் பேனா நின்றது.

"சார், எதுத்துப் பேசுவாங்கன்னு எனுக்கு முன்னாடியே எப்டித் தெரியும்?"

"ஆளைப் பாத்தாத் தெரியாதா?"

"நன்றி சொல்ல வந்த ஆளு பெஞ்சு மேல ஏறி எதுத்துப் பேசிட்டா?"

"அப்பக் குறைச்சிடு."

"எதுத்துப் பேச வந்த ஆளு மனசு மாறி நன்றி சொன்னா?"

"சவுரி, நீ என்ன வக்கீலா?"

சவுரிமுத்து கேலி செய்யவில்லை. தெரியாமல்தான் கேட்டார். இத்தனை வருஷம் மைக் கட்டியும் அவர் ஆள் பார்த்தது கிடையாது. இப்போது ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து, இவர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி குழாய் கட்ட வேண்டும் என்கிறார்கள். அது மைக் செட் வேலை இல்லையே என்று அவருக்குத் தோன்றியது.

"பத்து மணிக்கு மேல கட்டாதன்னு சொல்லுங்க சார், எழுதறேன். ஆஸ்பத்திரிகிட்ட, ஸ்கூல்கிட்ட வேணாம்னு சொல்லுங்க, எழுதறேன். சத்தம் ஜாஸ்தி, ரெண்டு குழாய்க்கு மேல கூடாது, அதுவும் எழுதறேன். எல்லாருக்கும் ஒண்ணா சொல்லுங்க. ஒத்தன் நெனைக்கறத்துக்கு மைக்கு, இன்னொத்தன் நெனைக்கறத்துக்கு இல்லன்னா, அத்த என்னால பாத்துகினு இருக்க முடியாது சார். ஒருவாட்டி பண்ணிட்டேன். நல்லால்ல."

இன்ஸ்பெக்டர் தாளை இழுத்துப் பார்த்தார். ஒன்றரை வரி இருந்தது. முடித்துவிட்டு வந்தால் செட் உண்டு, இல்லாவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள் என்றார். குரலை உயர்த்தவில்லை. சவுரிமுத்து பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் அருள்மேரி சோறு போட்டுவிட்டு, செட் எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்றார். இனி வராதா என்றாள். தெரியாது என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அடுத்த வாரத்திலிருந்து தனத்தோடு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பட்டன் தைக்கப் போனாள்.

கொடியேற்றம் வந்தது. பல்லாவரத்து ஆள் ஒருவர் வந்து மைக் கட்டினார். பல வருஷத்துக்குப் பிறகு சவுரிமுத்து கூட்டத்தில் ஒருவராக நின்று பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், நீளமாக இருந்தது என்றார். ரசாக் தன்னிடமிருந்த பழைய ஆம்ப்ளிபையர் ஒன்றைக் கொடுத்தார், திருப்பிக் கேட்கவே இல்லை. அதை வைத்துக் கல்யாணமும் காதுகுத்தும் செய்தார்கள். கோர்ட்டுக்குப் போனால் வாய்தா மேல் வாய்தா. தொட்டியில் எப்போதோ தண்ணீர் வந்தது. அதற்கும் ஒரு நன்றிக் கூட்டம் நடந்தது. தனம் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமாம்.

அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியது. புதிய ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் பக்தவச்சலம் நாலைந்து பேரோடு கடைக்கு வந்து, பழைய ஆட்சியின் அடக்குமுறையை எதிர்த்து நின்ற வீரர் என்று சவுரிமுத்துவுக்குச் சால்வை போட்டார். செட் திரும்பி வந்தது. பெரிய ஆம்ப்ளிபையருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. வயரெல்லாம் கடித்திருந்தது. சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. புதியவர்களின் வெற்றிவிழாக் கூட்டத்துக்கு அவர்தான் மைக் கட்டினார். கூட்டம் முடிந்து வயரைச் சுற்றும்போது பக்தவச்சலம் தோளில் கை போட்டார்.

"அந்தக் கட்சிக்காரங்க வந்தா மட்டும் செட் குடுக்காதீங்க. ஸ்டேஷன்ல பேசிட்டோம், பர்மிஷன் கிடைக்காது."

"வந்தா கட்டுவேன் சார்."

"உங்க செட்ட உள்ள வெச்சவங்களே அவங்கதான்யா."

"ஆமா சார்," என்றார் சவுரிமுத்து. வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அருள்மேரி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்தவச்சலம் ஏதோ கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பழைய ஆளுங்கட்சிக்காரர்கள் உண்மையிலேயே வந்தார்கள். ரேஷனில் அரிசி சரியில்லை என்று கண்டனக் கூட்டம் போட வேண்டுமாம். தாம்பரத்தில் வேறு யாரும் செட் தர மாட்டேன் என்கிறார்களாம். பழைய கதையை அவர்களும் பேசவில்லை, சவுரிமுத்துவும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு ஸ்டேஷனுக்குப் போனார். புது இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாளை வரச் சொன்னார். நாளை போனார்கள். பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை என்றார். மறுநாளும் போனார்கள். கட்சிக்காரர்களில் இரண்டு பேர் சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். சவுரிமுத்து ஸ்டேஷன் வராந்தாவில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அந்த அனுமதி கடைசிவரை கிடைக்கவில்லை. கூட்டமும் நடக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு சங்கத்துக்காரர்கள் வந்தபோதும் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அது கிடைத்தது.

இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் அவர் கூடப் போகிறார், நிற்கிறார். இதில் பெரிய வீரம் எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம். இருக்கலாம். ஆனால் தாம்பரத்தைத் தாண்டினால் இந்தக் கதை யாருக்கும் தெரியாது. இதைப் படித்தவர்கள் தம்மோடு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் மைக் கட்டுகிறவர் ஒருவர் இருப்பார், கூட்டத்துக்கு இடம் கொடுக்கிறவர் இருப்பார், நோட்டீஸ் அச்சடிக்கிற அச்சகம் ஒன்று இருக்கும். ஆளைப் பார்த்துக் கொடு என்று அவர்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் போய் சவுரிமுத்து ஒன்றரை வரியோடு எழுந்து வந்ததைச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரர் ஒருவருக்கும் கட்டாயம் சொல்லுங்கள்.